திங்கட்கிழமைக் காயங்கள்

முப்பத்துமூன்று வயதில் நான் ஓய்வு பெற்றேன். அதற்குக் கடிதம் இருக்கிறது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கிறிஸ்தவச் சபை நடத்தும் பெண்கள் கல்லூரியில் ஒன்பது வருடம் விளையாட்டுப் பிரிவின் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். அங்கே யாரும் வேலையை விடுவதில்லை. ஏனென்றால் அங்கே வேலை என்று ஒன்று இல்லை, ஊழியம்தான் உண்டு. ஊழியத்தை விட முடியாது, அதிலிருந்து ஓய்வு பெறலாம். என் கடிதத்தில் ‘விலகுகிறேன்’ என்ற சொல்லைச் சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே ‘ஓய்வு பெறுகிறேன்’ என்று எழுதி, பக்கத்தில் ஒப்பமிடச் சொன்னார்கள். ஒப்பமிட்டேன். எனக்கு வெளியே போகும் அவசரம்.

கடந்த வாரம் தர்சிகா என்றொரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். பட்டம் முடித்து ஆறு மாதமாகிறது. என் பழைய அறைக்கு, என் பழைய கதிரைக்கு அவளைக் கேட்டிருக்கிறார்களாம்.

“அக்கா, அங்க வேலை எப்பிடி?”

“அறை நல்லம். ஜன்னலால துறைமுகக் காத்து வரும்.”

“ஆக்கள்?”

“எழுதி அனுப்புறன். நேரமெடுக்கும்.”

இது அவளுக்காக எழுதுவது. அவளுக்குப் பிறகு அந்தக் கதிரைக்கு வரப்போகிறவர்களுக்கும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான்கு வருடம். வார்டுகள், வயோதிபரின் முழங்கால்கள், பக்கவாதக்காரரின் கைகள். எல்லாவற்றையும் படிவத்தில் எழுதும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. என் அம்மா சந்தைக்குப் போகும்போது கூட மரக்கறிகளை நிறவாரியாகப் பிரித்துத் துண்டு எழுதிக் கொடுப்பேன். இப்படிப்பட்ட ஒருத்திக்கு அந்தக் கல்லூரி ஒருவகையில் பொருத்தமான இடம்தான். அவர்களும் பட்டியல்காரர்கள்.

முதல் நாளே கையில் தந்தார்கள் ஒழுக்கக் கையேட்டை. நாற்பத்தொரு விதிகள். மாணவிகளுக்குத்தான் என்றாலும் ஊழியர்களும் ஒப்பமிட வேண்டும். என் வேலையைத் தொட்ட விதிகளை மட்டும் சொல்கிறேன். போட்டிக்குப் போகும் உடுப்பு, முழந்தாளிட்டால் ஓரம் நிலத்தைத் தொடுமளவு நீளமாக இருக்க வேண்டும். ஆகவே எங்கள் கல்லூரியில் தடைதாண்டல் என்ற போட்டியே கிடையாது. திறமை இல்லாமல் இல்லை, துணி விடாது. காயத்துக்கு வைத்தியம் செய்யும்போது ஒரு சாட்சி அறையில் இருக்க வேண்டும். முழங்காலுக்கு மேலே கை வைப்பதானால் எழுத்தில் முன் அனுமதி வேண்டும். தொடையில் தசை இருப்பதாக அந்தக் கல்லூரி ஏற்றுக்கொள்ளவே இல்லை என்று நினைக்கிறேன். ஒன்பது வருடமும் தசைப்பிடிப்புகள் என்னிடம் விண்ணப்பம் போட்டுவிட்டுத்தான் வந்தன.

பிறகு ஓய்வுநாள் விதி. சனிக்கிழமை மாலை ஆறு மணியிலிருந்து திங்கட்கிழமை காலை ஐந்து மணி வரை விளையாட்டு இல்லை, பயிற்சி இல்லை, விளையாட்டுச் சப்பாத்துக்கூடக் காலில் இருக்கக் கூடாது. அதன் வால்தான் கொடியது: விதியை மீறும்போது காயப்படும் மாணவி அணியிலிருந்து நீக்கப்படுவாள். அணியில் இடம் போனால் விடுதியில் இடமும் போகும். தூரத்து ஊர்களிலிருந்து ஓட்டத்துக்காகவும் வலைப்பந்துக்காகவும் எடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு, விடுதி போனால் படிப்பும் போச்சு.

கொழும்பில் ஓடத் தெரிந்த எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைதான் ஓடுகிறார்கள். நல்ல பயிற்சியாளர்கள் அன்றுதான் மைதானத்துக்கு வருகிறார்கள். இதைக் கையேட்டை எழுதியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சொன்னவருக்கு ஒரு கரும்புள்ளி விழுந்திருக்கும்.

கரும்புள்ளிகளை வைத்திருந்தவர் டானியல் ரீச்சர். ஒழுக்கப் பொறுப்பாளர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், வெளிர் நிறச் சேலை, எப்போதும் கூராகச் சீவிய பென்சில். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. யாரையும் தண்டிக்க முன்னர் உட்காரச் சொல்வார், தேத்தண்ணி வரவழைப்பார், “குடியுங்கோ மகள், ஆறப்போகுது” என்பார். நீங்கள் கோப்பையைக் கீழே வைக்கும்போது புள்ளி விழுந்திருக்கும். போட்டி நாட்களில் பிள்ளைகளை வரிசையில் முழந்தாளிடச் செய்து, அடிமட்டத்துடன் தானும் குனிந்து ஓரம் பார்ப்பார். ஓட்டத்துக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது, உடலைச் சூடாக்க வேண்டிய நேரத்தில், என் ஓட்டக்காரிகள் சீமெந்தில் முழந்தாளில் நின்றார்கள். ஒருமுறை சொன்னேன். “ஜெபத்தோட சேர்த்து நிக்கட்டும், நேரம் மிச்சம்” என்றார். அவர் பகிடி விட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இனி என் பிழை.

என்னிடம் ஒரு காயப்பதிவு இருந்தது. பெயர், காயப்பட்ட இடம், வலமா இடமா, எப்படி நடந்தது, எந்தக் கிழமை, எத்தனை மணி, வலி பத்துக்கு எத்தனை. எட்டாவது வருட முடிவில், தவணை முடிவு ஆசிரியர் கூட்டத்துக்கு அறிக்கை கேட்டார்கள். நான் இரண்டு மாலைகள் இருந்து எட்டு வருடப் பதிவையும் கிழமைவாரியாகப் பிரித்து, நிறம் தீட்டி ஒரு வரைபடம் செய்தேன். செவ்வாயிலிருந்து சனி வரை ஏறக்குறைய ஒரே உயரம். திங்கள் மட்டும் கோபுரம் மாதிரி எழுந்து நின்றது. ஞாயிறு வெறுமை. எட்டு வருடத்தில் ஒன்றுகூட இல்லை.

இதற்கு நான் என்ன விளக்கம் சொன்னேன் தெரியுமா? ஒருநாள் முழு ஓய்வுக்குப் பின்னர் தசைகள் இறுகிவிடுகின்றன, ஆகவே திங்கட்கிழமைகளில் உடலைச் சூடாக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்தவளின் கண்டுபிடிப்பு இது.

அதிபர் ஒரு போதகர். சாதாரணமாகக் கதைக்கும்போதும் பிரசங்கம் மாதிரியே வரும். வரைபடத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“ஞாயிறு பூச்சியம்! பார்த்தீர்களா? ஆண்டவர் தம்முடைய நாளை எப்படிக் காக்கிறார்! மிஸ், இதைக் கல்லூரி மலரில் போடுவோம்.”

ஆசிரியர்கள் தலையாட்டினார்கள். டானியல் ரீச்சர் மட்டும் தலையாட்டவில்லை. பென்சில் நுனியால் திங்கட்கிழமைக் கோபுரத்தை அடியிலிருந்து உச்சிவரை மெதுவாகத் தடவினார். கூட்டம் முடிந்ததும் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். தேத்தண்ணி வந்தது.

“மகள், இந்தப் பிள்ளையள் திங்கள் காலமை எத்தின மணிக்கு உங்களிட்ட வருகினம்?”

“ஆறரை, ஏழு.”

“பயிற்சி எத்தினைக்குத் தொடங்குது?”

“ஆறுக்கு.”

“அரை மணித்தியாலத்துக்குள்ள வீங்கி, நீலம் பாரிச்சு, மஞ்சளாகவும் தொடங்கிற கால் நீங்கள் படிச்ச புத்தகத்தில இருக்கோ?”

கோப்பை என் கையிலேயே ஆறியது. எட்டு வருடம் அந்த மஞ்சள் நிறங்களைத் தொட்டுப் பார்த்தவள் நான். நிறத்தையும் எழுதினேன், கிழமையையும் எழுதினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பிள்ளைகள் ஞாயிறு ஓடினார்கள், ஞாயிறு விழுந்தார்கள், திங்கள் காலை வரை பொறுத்துக்கொண்டு, பயிற்சிக்கு வந்து, முதல் சுற்றிலேயே விழுந்ததாக நடித்தார்கள். விடுதி முழுவதற்கும் தெரிந்த இந்த விடயம் அதிபருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியாது. ஒரே வரைபடத்தில் அவர் ஆண்டவரைக் கண்டார், நான் தசை இறுக்கத்தைக் கண்டேன்.

அந்த வாரமே ஞாயிறு வெளிச்செல்லும் அனுமதித் துண்டுகள் நிறுத்தப்பட்டன. ஆராதனை முடிந்து மாமி வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் போய்வரத் தரும் துண்டுகள் அவை. எல்லா மாமிமாரும் வத்தளையில், பிள்ளைகள் ஓடப்போன புல்மைதானத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள் போலும். இனி ஞாயிறு இரண்டிலிருந்து நான்கு வரை விடுதியில் மௌன நேரம். என் அறைக்கு வரும் பிள்ளைகள் என்னுடன் கதைப்பதையும் நிறுத்தினார்கள். வலி எத்தனை என்று கேட்டால் ஒன்று, இரண்டு. எல்லாருக்கும் ஒன்று, இரண்டு.

அவர்களில் ஒருத்தி ஜெனிற்றா. மன்னார்ப் பக்கம், பதினெட்டு வயது, எண்ணூறு மீற்றர். ஓட்டம் தொடங்க முன்னர் சிலுவை அடையாளம் போடுவாள். கத்தோலிக்கப் பிள்ளை, பழக்கம். எங்கள் சபைக்கு அந்த அடையாளம் ஆகாது. ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் சிலுவை போட்டதற்காக இரண்டு கரும்புள்ளி வாங்கிய பிள்ளை அவள். அதற்குப் பிறகு உடுப்புப் பைக்குள் கையை விட்டுப் பெருவிரலால் போட்டாள். அந்த வருடத் தேசியப் போட்டியில் முதல் மூன்றுக்குள் வந்தால் நாட்டின் இளையோர் அணிப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். அவளுடைய நேரம் மூன்றாவது ஆளுடையதைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஓட்டத்தை விட்டால் முன்னேற அவளுக்கு வேறு வழி எதுவும் இல்லை என்பதை அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள், கதைத்த காலத்தில்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு திங்கள் காலை, இடது காலைக் கவனமாக ஊன்றிக்கொண்டு வந்தாள். சாட்சிக் கதிரையில் விடுதி மேட்ரன், மடியில் கொப்பியுடன். மேட்ரன் வழக்கமாகத் தூங்கிவிடுவார். வரைபடத்துக்குப் பிறகு தூங்குவதில்லை.

“எப்பிடி நடந்தது?”

“விடுதிப் படியில சறுக்கி விழுந்திட்டன், மிஸ்.”

“எத்தினையாம் படி?”

மேட்ரனைப் பார்த்தாள். “மூண்டாவது.”

படியில் விழுந்த காலில் சிராய்ப்பு இல்லை, நீலம் இல்லை. முன்கால் எலும்பின் உள் ஓரத்தை மேலிருந்து கீழாக விரல் நுனியால் தடவிக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில், ஐந்து ரூபாய்க் குற்றியளவு இடத்தில், கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“பத்துக்கு எத்தின?”

“ரெண்டு.”

“இறங்கி ஒத்தைக் காலில துள்ளு பாப்பம்.”

ஒருமுறை துள்ளினாள். இரண்டாவது முறைக்குக் கால் எழவில்லை.

“வாரத்தில எத்தின நாள் ஓடுறாய்?”

மேட்ரனின் பேனை கொப்பியில் இறங்கியது.

“ஆறு.”

அந்த ஆறு பொய் என்று எனக்குத் தெரியும். எலும்பில் இப்படி ஒரு புள்ளியில் நோவது ஓய்வில்லாமல் மோதியதால் வரும் கீறலாக இருக்கலாம். அதை உறுதிப்படுத்த முதலில் கேட்கவேண்டிய கேள்வியே எத்தனை நாள், எந்தத் தரையில் என்பதுதான். கேட்டேன், பதிலும் கிடைத்தது, சாட்சியும் இருந்தது. சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தவள், மேட்ரனுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“என்ன மிஸ், இன்னொரு கலர் வரைபடம் கீறப் போறீங்களோ?”

நான் எழுதியது இது: படியில் விழுந்தது, திங்கள், வலி இரண்டு, வாரம் ஆறு நாள் பயிற்சி. கீறல் சந்தேகம் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதினால் அந்தப் படிவம் டானியல் ரீச்சரின் மேசைக்குப் போகும், அடுத்த கோப்பைத் தேத்தண்ணி ஜெனிற்றாவுக்கு. இதுதான் என் நியாயம். இன்னொன்றும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன்: அவள் சொன்னது எனக்குச் சுட்டது. இனி இவர்கள் சொல்வதை அப்படியே எழுதுவேன், யோசிக்க மாட்டேன் என்று ஒரு வீம்பு.

பொரளைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தோம். இப்படிப்பட்ட கீறல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. என் படிவத்தை வாசித்த டொக்டர், விழுந்த அடி, எலும்பு நல்லது, ஒரு வாரம் ஓய்வு என்றார். அந்தப் படிவத்துக்கு அது சரியான வைத்தியம். காலுக்குத்தான் பிழை.

தேசியப் போட்டியில் அவள் ஓடினாள். வெள்ளிக்கிழமை காலை, இரண்டாவது சுற்றில், ஓடுபாதையின் எதிர்ப்பக்க நேர்ப்பகுதியில், மூன்றாவதாக வந்துகொண்டிருந்தபோது, தரை கழன்றதுபோல இடது பக்கம் சரிந்தாள். நான் புல்லுக்குக் குறுக்கே ஓடினேன். கால், மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. மட்டை வைத்துக் கட்ட வேண்டும், அதற்கு அந்த நீண்ட உடுப்பை முழங்காலுக்கு மேல்வரை வெட்ட வேண்டும். கத்தரிக்கோலை எடுத்தேன்.

“மகள், கொஞ்சம் பொறுங்கோ,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

டானியல் ரீச்சர், அதிபரின் பக்கத்து இருக்கையிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்திருந்தார். கையில் கல்லூரிக் கொடி. அதை ஜெனிற்றாவின் இடுப்பிலிருந்து பாதம் வரை விரித்தார். “இனிச் செய்யுங்கோ.” நான் கொடிக்குக் கீழே, கையால் தடவி, முறிந்த காலுக்கு மட்டை கட்டினேன். தூக்குக்கட்டிலுடன் வந்த இருவர் கொடியைப் பார்த்துவிட்டு ஒரு கணம் தயங்கி நின்றார்கள். பிள்ளை இறந்துவிட்டாள் என்று நினைத்தார்களாம்.

அம்புலன்சில் சிங்கள உதவியாளர் ஒருவர் அவள் தலையைப் பிடித்தபடி “பய வென்ன எபா நங்கி” என்று, பயப்படாதே தங்கச்சி என்று, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் பழக்கத்தில் கேட்டேன்.

“பத்துக்கு எத்தின?”

“பத்து,” என்றாள். அந்தத் தவணையில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான எண். பிறகு, சாட்சி இல்லாத அந்த வண்டிக்குள், மிச்சத்தையும் சொன்னாள். துண்டுகள் நின்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் ஓடியிருக்கிறாள். உடுப்புக் காயவிடும் கொடிகளுக்கு நடுவே, மௌன நேரத்தில், இரண்டு மணித்தியாலம். சப்பாத்துச் சத்தம் கீழே கேட்கும் என்று வெறுங்காலில். சீமெந்தில்.

“வத்தளையில புல்லு மிஸ்,” என்றாள். “அங்க நோகேல்ல.”

என் வரைபடம் அவளைப் புல்லிலிருந்து சீமெந்துக்குக் கூட்டிவந்திருந்தது.

பத்து நாள் கழித்து விசாரணை. அதிபர், டானியல் ரீச்சர், மேட்ரன், நான். ஜெனிற்றா காலுக்குள் கம்பியுடன் ஆஸ்பத்திரியில் இருந்தாள். டொக்டரின் அறிக்கையில் பழைய கீறல் ஒன்று முன்பே இருந்திருக்கலாம் என்று ஒரு வரி. அந்த வரியின் கீழே பென்சில் கோடு.

“முதலே கீறல் இருந்திருக்கு, என்ன?” என்றார் டானியல் ரீச்சர்.

“இருந்திருக்கலாம்.”

“எண்டைக்கு வந்தது?”

“ரீச்சர், அது ஒருநாளில வாறதில்ல. கொஞ்சம் கொஞ்சமா…”

“விளங்குது. ஆனா எங்களுக்கு ஒரு நாள் வேணும், மகள்.”

அதிபர் கண்ணாடியைத் துடைத்தார். “காயம் ஓய்வுநாளில் உண்டானதா, இல்லையா? அதுதானே கேள்வி.”

ஓர் எலும்பு பல வாரங்களாகக் களைத்து, வெடித்து, கடைசியில் உடைந்திருக்கிறது. மூன்று பெரியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அது எந்தக் கிழமை என்று கேட்கிறார்கள். மொட்டைமாடியைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. மாடிச் சாவியை வைத்திருந்த மேட்ரன் மட்டும் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். டானியல் ரீச்சர் காயப்பதிவை என் பக்கம் திருப்பி வைத்தார். ஜெனிற்றாவின் கால் முறிந்ததற்கான புதிய வரி. கிழமை என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் என் வரைபடம், மடித்தது.

“இந்தப் படத்தை நீங்கள்தானே கீறினனீங்கள். உங்களுக்கே தெரியும்,” என்றார். “உள்ளதை எழுதுங்கோ.”

ஒன்பது வருடத்தில் அந்தப் பதிவில் நானாக ஒரு பொய் எழுதியதில்லை என்று பெருமைப்பட்டவள். அதில் இருந்த பொய்கள் எல்லாம் பிள்ளைகளுடையவை. பேனையை எடுத்து எழுதினேன், எழுதிக்கொண்டே சத்தமாக வாசித்தேன்:

“வெள்ளி. காலை பத்து நாற்பது. கல்லூரிக்காக ஓடிய போட்டி, கல்லூரியின் உடுப்பு. அதிபரும் ஒழுக்கப் பொறுப்பாளரும் நேரில் கண்டது.”

அதிபர் உடனே நிம்மதியானார். வெள்ளி என்றால் வெள்ளி. டானியல் ரீச்சர் பதிவை மூடி, பென்சிலை அதன்மேல் வைத்தார்.

“தேத்தண்ணி குடிப்பீங்களோ?”

“வேண்டாம் ரீச்சர். ஆறிப் போகும்.”

ஜெனிற்றா பள்ளிப் படிப்பை முடிக்கும் உயர்தரப் பரீட்சை வரை விடுதியில் இருந்தாள். அந்தக் கல்லூரிக்காக அவள் பிறகு ஓடவில்லை. நான் தவணை முடிவில், முன்னே சொன்னபடி, ஓய்வு பெற்றேன். அடுத்த வருடக் கல்லூரி மலரில் என் வரைபடம் நிறத்துடன் வெளிவந்தது. தலைப்பு: ‘ஓய்வுநாளின் பாதுகாப்பு’. என் பெயரையும் போட்டிருந்தார்கள்.

தர்சிகா, நீ அங்கே போகிறாயோ இல்லையோ, அது உன் விருப்பம். போனால் மூன்று விடயம். சாட்சிக் கதிரையை ஜன்னல் பக்கம் போடு, கடற்காற்றுக்கு மேட்ரனுக்கு நித்திரை வரும். சொன்ன காயத்தை அல்ல, தொட்ட காயத்தை நம்பு. எதையும் கிழமைவாரியாகப் பிரித்து நிறம் தீட்டாதே.

எனக்கு இப்போது வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், துணிக்கடைக்கு மேலே சொந்தமாக ஒரு சிகிச்சை அறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் திறப்பேன், வேண்டுமென்றேதான். போன ஞாயிறு காலை கீழே முச்சக்கரவண்டி நின்ற சத்தம். படியில் ஒற்றைக் காலால் துள்ளித் துள்ளி ஒருத்தி ஏறி வந்தாள். ஜெனிற்றா. இப்போது இரத்மலானையில் ஒரு கம்பனியில் வேலை, விடுமுறையில் கடற்கரையில் ஒரு கூட்டத்துடன் ஓடுகிறாள். மெதுவாகத்தான், பந்தயத்துக்கு அல்ல. காற்சட்டை முழங்காலுக்கு நன்றாக மேலே. கணுக்கால் வீங்கியிருந்தது.

“மணலுக்குள்ள கல்லு மிஸ். கவனிக்கேல்ல.”

படிவத்தை எடுத்தேன். பெயர், இடம், வலது.

“பத்துக்கு எத்தின?”

“ஆறு. இல்ல, ஆறரை.”

“எந்தக் கிழமை?”

அவள் சிரித்துவிட்டாள். காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்குமளவு சத்தமாகச் சொன்னாள்.

“ஞாயிறு மிஸ். இண்டைக்கு. இப்ப. அரை மணித்தியாலம்கூட ஆகேல்ல.”

கணுக்காலைப் பார்த்தேன். வீக்கம் சிவப்பாகத்தான் இருந்தது, மஞ்சள் இன்னும் தொடங்கவில்லை. ஞாயிறு என்று எழுதினேன்.